பொன்விழா மலரை வைத்து விக்கிப்பீடியாவில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நான் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை போட்டேன். பள்ளியின் பொன்விழா மலரில் இருந்த வரலாற்றைக் கைப்பேசியில் படம் பிடித்து, எழுத்தாக மாற்றி, அங்கங்கே சில சொற்களைத் திருத்தி ஒட்டினேன். மலரின் பெயரையும் பக்க எண்ணையும் கீழே மேற்கோளாகக் கொடுத்தேன். இரண்டே நாளில் ‘பதிப்புரிமை மீறல்’ என்று நீக்கிவிட்டார்கள். பழைய படங்களும் போய்விட்டன. நான் என்ன தவறு செய்தேன்? இனி எப்படி எழுதுவது?

பதில்: மேற்கோள் கொடுத்தது நல்லது. ஆனால் மேற்கோள் வேறு, அனுமதி வேறு. ஒரு தகவல் எங்கிருந்து கிடைத்தது என்பதை மேற்கோள் சொல்லும். பிறர் எழுதிய வரியை எடுத்துப் போடும் உரிமையை அது தராது.

விக்கிப்பீடியாவில் ‘சேமி’ பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும், நீங்கள் சேர்த்த எழுத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 உரிமத்தின்படி ஒப்புக்கொள்கிறீர்கள். மலரில் எழுதியவர் அப்படி ஓர் அனுமதியை யாருக்கும் தரவில்லை. அவர் தராததை அவர் சார்பில் நீங்கள் தர முடியாது. நிர்வாகிகள் நீக்கியதற்குக் காரணம் இதுதான்.

“மலரில் பதிப்புரிமைக் குறி எதுவும் இல்லையே, விற்பனைக்கும் போடவில்லையே” என்று பலர் கேட்பார்கள். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி குறியும் வேண்டாம், பதிவும் வேண்டாம். சொந்தமாக எழுதித் தாளில் பதிந்த உடனே உரிமை வந்துவிடும். எழுதியவரின் வாழ்நாள் முழுக்கவும், இறந்த ஆண்டு முடிந்தபின் 50 ஆண்டுகளும் அது நீடிக்கும். உங்கள் ஊர்க்காரரான முன்னாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1979-இல் காலமானார். அவர் எழுதிய கட்டுரை எதுவானாலும் மலேசியாவில் 2029 டிசம்பர் 31 வரை பாதுகாப்பில் இருக்கும். புனைபெயரில் வந்து, எழுதியவர் இன்னார் என்று தெரியாத படைப்புக்கு வெளியான ஆண்டு முடிந்தபின் 50 ஆண்டு. நம் மலர்களில் புனைபெயர்க் கட்டுரைகள் நிறைய உண்டு என்பதால் இதையும் நினைவில் வையுங்கள்.

இனி உங்களுக்குச் சாதகமான பக்கத்துக்கு வருவோம். தகவலுக்கு யாரும் உரிமையாளர் இல்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது என்பது எல்லாருக்கும் பொதுவான செய்தி. அந்தக் காலை நேரத்தை ஒரு வரலாற்றாசிரியர் வருணித்த விதம் மட்டும் அவருடையது. பள்ளி தொடங்கிய ஆண்டு, மாணவர் எண்ணிக்கை, கட்டடம் மாறிய தேதி, தலைமையாசிரியர்களின் வரிசை எல்லாவற்றையும் தாராளமாக எடுக்கலாம். ஆனால் ‘பள்ளி ஈன்ற பத்து மாணிக்கங்கள்’ என்று மலர்க்குழு தேர்ந்தெடுத்த பட்டியலை அப்படியே எடுக்கக் கூடாது. அந்தத் தேர்வு அவர்களுடைய படைப்பு.

சொல்லை மட்டும் மாற்றினால் ஏன் போதாது என்பதை ஓர் உதாரணத்தில் காட்டுகிறோம். மலரில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் (ஆயாக்கொட்டகை என்பது தோட்டத் தொழிலாளர்களின் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்):

“காட்டை அழித்துப் பால்மரம் நட்ட நம் முன்னோர், தம் பிள்ளைகளின் அறிவுக்கண் திறக்க, 1938-இல் ஆயாக்கொட்டகையின் ஓரத்தில் 23 மாணவர்களோடு ஒரு சின்னஞ்சிறு பள்ளியை ஏற்றி வைத்தனர்.”

பெரும்பாலோர் இதை இப்படித்தான் திருத்துவார்கள்: “காடு வெட்டி ரப்பர் நட்ட மூதாதையர், தங்கள் குழந்தைகளின் கல்விக்கண்ணைத் திறப்பதற்காக, 1938-இல் ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் 23 மாணவர்களுடன் ஒரு சிறிய பள்ளியைத் தொடங்கினர்.” சொல் மாறியிருக்கிறது. வாக்கியம் போகும் வழி, காட்டில் தொடங்கிக் கண்ணுக்கு வந்து பள்ளியில் முடியும் ஓட்டம், அந்தக் கண் உருவகம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இதுவும் மீறல்தான். வேண்டியது இவ்வளவே: “பள்ளி 1938-இல் ஆயாக்கொட்டகையை ஒட்டிய இடத்தில் 23 மாணவர்களுடன் தொடங்கப்பட்டது.” ஆண்டு, இடம், எண்ணிக்கை மூன்றும் வந்துவிட்டன. கலைக்களஞ்சியத்துக்கு இந்த நடைதான் பொருத்தமும்கூட.

இதற்குக் கைகண்ட வழி ஒன்று உண்டு. ஒரு தாளில் ஆண்டு, செய்தி, பக்க எண் என்று மூன்று நெடுவரிசை போட்டு, முழு வாக்கியம் எழுதாமல் துண்டுக் குறிப்பாக மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மலரை மூடி வையுங்கள். முடிந்தால் மறுநாள் அந்தத் தாளை மட்டும் பார்த்து எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு மலரைத் திறந்து ஒப்பிடுங்கள். பெயர்களையும் பதவிகளையும் தவிர்த்து ஐந்தாறு சொல் தொடர்ச்சியாக ஒத்துப்போனால் அந்த வரியை உடைத்து எழுதுங்கள். இரண்டாவது மூலம் ஒன்று கையில் இருந்தால் வேலை இன்னும் எளிது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணைய நாளிதழ்த் தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்களைப் படிக்கலாம். இரண்டு மூலங்களைச் சேர்த்து எழுதும்போது ஒருவருடைய நடை உங்கள் கையில் ஒட்டாது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் மலரின் பக்கத்தைக் கொடுத்து ‘மாற்றி எழுது’ என்பது குறுக்கு வழி. பெரும்பாலும் மேலே காட்டிய இரண்டாவது வரி போன்றதுதான் அதில் வரும்.

மொழிபெயர்ப்பில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். மலாய் நூலிலோ ஆங்கில நாளிதழிலோ உள்ள பத்தியைத் தமிழாக்கிப் போட்டால் தமிழ் வரி உங்களுடையதுதானே என்று தோன்றும். மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியருக்கே உண்டு, எனவே அதுவும் மீறல். மலாய், ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளை மொழிபெயர்க்கத் தடையில்லை. ஆனால் தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது என்ன செய்தீர்கள் என்று குறிக்கும் பெட்டியில்) எந்த மொழி விக்கியின் எந்தக் கட்டுரையிலிருந்து மொழிபெயர்த்தீர்கள் என்று இணைப்போடு எழுத வேண்டும். அதை எழுதாமல் விட்டால் உரிமத்தின் நிபந்தனையை மீறியவர் ஆவீர்கள்.

பள்ளிப் பாடலை முழுவதாகப் போடாதீர்கள். அதற்கும் ஓர் ஆசிரியரின் உரிமை இருக்கிறது. இயற்றியவர் பெயரும் முதல் அடியும் போதும்.

படங்களுக்கு வருவோம். பழைய படத்தைக் கைப்பேசியால் மறுபடி படம் எடுத்து, விக்கிப்பீடியாவின் படங்களைச் சேமிக்கும் தளமான பொதுவகத்தில் ‘சொந்தப் படைப்பு’ என்று குறித்திருப்பீர்கள். அட்டையில் ஒட்டிய படம் உங்கள் வீட்டில் இருப்பதால் அதன் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. ஸ்டூடியோவை அழைத்து எடுத்த படம் என்றால், மாற்று ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவருக்கே உரிமை போகும் என்கிறது மலேசியச் சட்டம். ஆகவே பள்ளி வாரியமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஏற்பாடு செய்த படத்துக்கு அவர்களிடம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்துக்கு யாரைக் கேட்பது என்றே தெரியாது. அதை விட்டுவிடுங்கள். கோயில் கோபுரம், பள்ளிக் கட்டடம் போலப் பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் நிரந்தரமாக நிற்பவற்றை நீங்களே படமெடுத்துப் போடலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. விழாவுக்குக் கட்டிய பதாகைக்கு அது பொருந்தாது.

அனுமதி கேட்பது என்று முடிவு செய்தால் எழுத்தில் வாங்குங்கள். “போட்டுக்கோங்க தம்பி” என்று தலைமையாசிரியர் வாயால் சொல்வது செல்லாது. மேலும் மலரில் ஒருவர் எழுதிய கட்டுரைக்கு அவரிடமே கேட்பதுதான் பாதுகாப்பு, தலைமையாசிரியரின் ஒப்புதல் மட்டும் போதாமல் போகலாம். ‘விக்கிப்பீடியாவில் மட்டும் பயன்படுத்தலாம்’, ‘வணிகத்துக்குக் கூடாது’ என்று எழுதினாலும் ஏற்கமாட்டார்கள். கடித வாசகம் இப்படி இருக்கட்டும்:

“இன்ன மலரில் இத்தனையாம் பக்கம் முதல் இத்தனையாம் பக்கம் வரையுள்ள கட்டுரையை எழுதியவன் நான், அதன் உரிமையாளரும் நானே. அதைக் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் வெளியிடுகிறேன். எவரும் வணிக நோக்கம் உட்பட எதற்கும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்பதையும், இந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் அறிவேன்.”

கீழே பெயரும் தேதியும் வேண்டும். உரிமையாளர் தம் மின்னஞ்சலிலிருந்து விக்கிமீடியாவின் அனுமதிக் குழுவுக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். உங்கள் வழியாக வந்தால் மீண்டும் கேள்வி வரும்.

நீக்கிய பக்கத்தை மீட்டுத் தரும்படி கேட்க வேண்டாம். பழைய வரிகளை மணல்தொட்டியில் (எழுதிப் பழகும் பக்கத்தில்) ஒட்டி, பிறகு மெல்லத் திருத்தலாம் என்றும் நினைக்காதீர்கள். மணல்தொட்டியும் எல்லாரும் பார்க்கும் பக்கம்தான், அங்கே ஒட்டியது அந்தப் பக்கத்தின் மாற்ற வரலாற்றில் பதிவாகிவிடும். பிறகு நீங்கள் அழித்தாலும் பழைய பதிப்பை ஒரு நிர்வாகி வந்துதான் மறைக்க வேண்டியிருக்கும். தோட்டம் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்ட பிறகு, அங்கே ஒரு பள்ளி இருந்ததற்கு அந்த மலரே கடைசிச் சான்றாக இருக்கக்கூடும். அதனால் கட்டுரையைக் கைவிடாதீர்கள். குறிப்புத் தாளிலிருந்து ஐந்தாறு வாக்கியம் மட்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணோடு மேற்கோள் கொடுத்துச் சேமியுங்கள். அடுத்த பகுதியைப் பிறகு தனியாகச் சேர்த்துச் சேமியுங்கள். அப்படிச் செய்தால், நாளை ஏதாவது ஒரு பத்தியில் சிக்கல் வந்தாலும் அந்த ஒன்றை மட்டும் நீக்குவார்கள், மற்றவை நிற்கும்.