முஸ்லிம்களில் சிலர் இறாலும் நண்டும் உண்கிறார்கள், சிலர் தொடுவதே இல்லை. ஏன்?

பக்தி கூடுவதாலோ குறைவதாலோ வரும் வேறுபாடு அன்று இது. ஒருவர் எந்த மத்ஹபை, அதாவது எந்தச் சட்ட மரபைப் பின்பற்றுகிறார் என்பதே காரணம். தமிழகத்தில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபையும், உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபையும் சேர்ந்தவர்கள். நான் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. பெண் எடுத்ததோ கடற்கரை ஊரில். மாமியார் இன்றும் இறால் ஆக்கும் நாளில், "மாப்பிள்ளைக்கு இது ஆகாது" என்று வஞ்சிரத்தைத் தனிச் சட்டியில் பொரிப்பார். அகப்பையைக்கூட மாற்றிப் போடமாட்டார்.

குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் 96ஆம் வசனம் கடல் வேட்டையையும் கடல் உணவையும் ஆகுமாக்குகிறது. ஷாஃபி அறிஞர்கள் இதை விரிவாகப் பொருள்கொள்வதால் அவர்களுக்கு இறாலும் கணவாயும் தடையற்றவை. ஹனஃபி அறிஞர்களோ நீர்வாழ் உயிர்களில் மீன் மட்டுமே கூடும் என்று வரையறுத்து, அதிலும் தானாகச் செத்து மிதக்கும் மீனை ஒதுக்குகிறார்கள். ஆகவே கணவாயும் நண்டும் அவர்களிடம் பேச்சுக்கே இடமின்றி விலகிவிடுகின்றன, சிக்கல் இறாலில்தான். பழைய அரபு அகராதிக்காரர்கள் அதை மீன் வகையில் சேர்த்திருப்பதைக் காட்டி அனுமதிக்கும் ஹனஃபி ஆலிம்கள் உண்டு. முதுகெலும்பற்ற கணுக்காலி எப்படி மீனாகும் என்று மறுப்பவர்களும் உண்டு. 2018 ஜனவரியில் ஹைதராபாத்தின் இஸ்லாமியக் கல்வி நிலையமான ஜாமியா நிஜாமியா இந்த இரண்டாவது வாதத்தை வைத்தே இறாலை மக்ரூஹ் தஹ்ரீமி, அதாவது ஹராமுக்கு (தடுக்கப்பட்டதற்கு) நெருங்கியது என்று பத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கொடுத்தது. ஹைதராபாத்தில் இறால் பிரியர்கள் ஏராளம் என்பதால் அது செய்தித்தாள் வரைக்கும் போனது.

ஷாஃபிகள் எல்லாவற்றையும் உண்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இமாம் நவவி தம் மின்ஹாஜ் நூலில், நிலத்திலும் நீரிலும் வாழ்வன என்ற வகையில் தவளை, பாம்பு ஆகியவற்றோடு நண்டையும் சேர்த்து விலக்குகிறார். அதனால் ஷாஃபி குடும்பங்களிலும் நண்டைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஷாஃபிகள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில், நண்டு நீர்வாழ் உயிரே என்று கருதி, உடலுக்குக் கேடு தராதவரை அது ஹலால் என்று அந்நாட்டு உலமா சபை 2002இல் தீர்ப்பளித்தது.

கடலோரத்தில் வாழ்வதால் ஷாஃபிகள் இறால் உண்கிறார்கள் என்ற விளக்கம் எனக்குப் பாதிதான் சரியாகப் படுகிறது. கேரளம், இலங்கை, மலேசியா, இந்தோனேசியா ஆகிய இடங்களிலும் ஷாஃபி மத்ஹபே மேலோங்கியிருப்பதற்குக் கடல்வழி அரபு வணிகத் தொடர்பு முக்கியக் காரணம். இறாலும் மத்ஹபும் ஒரே கரையில் இருந்தன என்பது உண்மைதான், ஆனால் இறாலுக்காக யாரும் மத்ஹபைத் தேர்ந்தெடுக்கவில்லை.

முஸ்லிம் நண்பரை விருந்துக்கு அழைக்கிறீர்கள் என்றால் மீன் குழம்பு இந்த இரு மத்ஹபினருக்கும் சிக்கலில்லை. மீனுக்கு அறுப்பு முறையும் தேவையில்லை. இறால் வைப்பதானால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், அந்தச் சட்டியிலேயே மீனையும் பொரிக்காதீர்கள்.