வாசகர் கேள்வி: ஹுவே அரசர் கல்லறைகளைப் பார்க்க எதில் போவது?

கேள்வி: வியட்நாம் பயணத்தில் ஹுவே நகரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடிந்தது. நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், முழங்கால் வலியோடு 68 வயது மாமியார். கோட்டை, அரசர் கல்லறைகள், தியென் மு கோயில் எல்லாம் பார்க்க ஆசை. ஓட்டலில் பஸ், படகு, தனி கார் என்று மூன்று விலை சொல்கிறார்கள். மகனோ ஸ்கூட்டர் எடுக்கலாம் என்கிறான். எது சரி? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: தனி கார், டிரைவரோடு, முழு நாள் வாடகைக்கு. விலையைப் பார்த்துத் தயங்காதீர்கள், நாலு பேருக்குப் பங்கு போட்டால் பெரிய வித்தியாசம் வராது.

1802 முதல் 1945 வரை ஹுவேயிலிருந்து வியட்நாமை ஆண்ட நுயென் அரசர்கள், ஊர் நடுவே ஓடும் ஹுவோங் ஆற்றின் வடகரையில் கோட்டையைக் கட்டினார்கள். கல்லறைகளை மட்டும் ஊருக்குத் தெற்கே குன்றுகளுக்கு நடுவே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வைத்துவிட்டார்கள். நகரத்திலிருந்து து துக் கல்லறை சுமார் 7 கி.மீ., காய் தின் 10, மின் மாங் 12. போவதில் சிரமமே இல்லை, சிக்கல் திரும்புவதில்தான். நான் முதல் தடவை கெட்டிக்காரத்தனமாக செயலியில் கார் பிடித்து மின் மாங்கில் போய் இறங்கிவிட்டு, வெளியே வந்து முக்கால் மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஒரு வண்டியும் வரவில்லை. அதனால் நீங்கள் கொடுக்கும் காசு ஓட்டத்துக்கு இல்லை, காத்திருப்புக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் டூர் மலிவுதான், ஆனால் உங்கள் மாமியார் பாதி வழி போவதற்குள் கைடு கொடியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். படகில் உட்கார்ந்து போக நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆமை வேகம், பாதி நாள் தண்ணீரிலேயே போய்விடும், காய் தின்னும் து துக்கும் ஆற்றங்கரையில் இல்லை என்பதால் இறங்கி இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். ஸ்கூட்டரை மறந்துவிடச் சொல்லுங்கள். வியட்நாமில் செல்லுவது 1968-ஆம் வருட ஒப்பந்தப்படியான சர்வதேச லைசென்ஸ், நம்ம ஊர் ஆர்.டி.ஓ. தருவது 1949 ஒப்பந்தப்படியானது. ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான். தவிர அங்கே வண்டி ஓடுவது சாலையின் வலப்பக்கம்.

அப்புறம் ஒரு விஷயம். எந்த வண்டியானாலும் வாசல் வரைதான், அதற்குமேல் கால்தான். காய் தின் கல்லறையில் மொத்தம் 127 படிகள். உச்சியில் சுவரெல்லாம் பீங்கான் துண்டும் கண்ணாடித் துண்டும் பதித்த வேலைப்பாடு, பார்க்க வேண்டியதுதான், ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு வேண்டாம். நீங்கள் மூவரும் ஏறிவிட்டு வாருங்கள், அவர் ஏசி காரில் உட்கார்ந்திருக்கட்டும் (பஸ்ஸில் இதெல்லாம் நடக்காது). து துக்கில் அவரை இறக்கிவிடுங்கள். அரசர் உயிரோடு இருந்தபோதே கல்லறையைக் கட்டிக்கொண்டு, அங்கேயே குளக்கரை மண்டபத்தில் உட்கார்ந்து கவிதை எழுதிய இடம், மெதுவாக நடக்கலாம்.

காலையில் தூரத்து மின் மாங்கில் ஆரம்பித்து, காய் தின், து துக் என்று ஊர்ப்பக்கம் வாருங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கோட்டை. கோட்டைக்கும் கல்லறைகளுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டு, அதையே கேளுங்கள். கோட்டையில் நுழைவது தெற்கே ங்கோ மோன் வாசல், வெளியே வருவது கிழக்கே ஹியென் ஞான் வாசல், டிரைவரிடம் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் வெயிலில் சுற்றி நடக்க வேண்டிவரும். படகு ஆசை போகவில்லையென்றால் சாயங்காலம் தியென் மு கோயிலுக்கு மட்டும் படகில் போங்கள். 1844-இல் கட்டிய ஏழு நிலைக் கோபுரம் ஆற்றிலிருந்து பார்க்கத்தான் அழகு. கோயிலுக்குப் பின்னால் ஒரு பழைய நீல நிற ஆஸ்டின் கார் நிற்கும், 1963-இல் சைகோன் நடுத்தெருவில் தீக்குளித்த துறவி திச் குவாங் துக் வந்து இறங்கிய கார் அது. வண்டியைப் பற்றிய பதிலில் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கேள்வி: அப்படியானால் ஹோய் ஆனிலிருந்து மீ சன் கோயில்களுக்கும் கார்தானா? (அதே வாசகி)

பதில்: இல்லை, அங்கே மகனும் நீங்களும் பஸ்ஸிலேயே போகலாம். சுமார் 40 கி.மீ., ஒரே இடம், போய்த் திரும்பினால் முடிந்தது. ஒரு காலத்தில் மத்திய வியட்நாமை ஆண்ட சம்பா அரசர்கள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள், பல 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் நொறுங்கியவை. சிலவற்றைச் சீரமைத்தது நம் இந்தியத் தொல்லியல் துறை, அந்த வேலையின்போது 2020-இல் ஒரே கல்லில் செதுக்கிய லிங்கம் ஒன்று கிடைத்தது. கைடு இல்லாமல் போனால் இதெல்லாம் வெறும் செங்கல் குவியலாகத்தான் தெரியும், பஸ் டூரில் கைடும் சேர்ந்தே வருகிறார். விடியற்காலை கிளம்பும் பஸ்ஸையே கேட்டு வாங்குங்கள், பத்து மணிக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கு செங்கல் சூளை மாதிரி காயும்.