முதல் லேத்: புதிதா, பழையதா?

கேள்வி: மரக்கடைசல் கற்கப் போகிறேன். புதிய சிறிய மேசை லேத் ஒன்றும், ஏறக்குறைய அதே விலைக்குப் பழைய பெரிய லேத் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். புதியதோடு 8 உளிகள் இலவசம். கிண்ணம் கடையத்தான் ஆசை. எதை வாங்கலாம்?

பதில்: இலவச உளிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை வெறும் கார்பன் ஸ்டீலாக இருந்தால், சாணையில் நீலம் பாய்ந்ததுமே பதம் போய்விடும். சூட்டை நன்றாகத் தாங்கும் ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) உளி மூன்று போதும்: கிண்ணம் குடையும் பவுல் கவுஜ், சுரண்டிச் சமன் செய்யும் ஸ்கிரேப்பர், வெட்டிப் பிரிக்கும் பார்ட்டிங் டூல். செட்டில் வரும், நீளக் கட்டையை உருளையாக்கும் ரஃபிங் கவுஜைக் கிண்ணத்தில் வைக்கவே கூடாது. கைப்பிடிக்குள் போகும் அதன் வால் மெலிந்தது; கட்டை உளியைக் கவ்வி இழுத்தால் அங்கேதான் முறியும்.

கிண்ணம் என்பதால் முதலில் லேத்தின் குறைந்தபட்ச வேகத்தைக் கேளுங்கள். கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவே வர வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 10 அங்குலக் கட்டைக்கு 600 முதல் 900. அதுவும் கட்டை உருண்டையான பிறகுதான். கோணல்மாணலாக இருக்கும்போது இன்னும் மெதுவாகத் தொடங்க வேண்டும். 750க்குக் கீழே இறங்காத லேத்தில் அப்படி ஒரு கட்டையை மாட்டினால் மேசையே நகர ஆரம்பிக்கும்.

பழைய லேத் இந்தச் சோதனையில் தேறினால், நேரில் போய் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு கட்டையைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. கையால் சுற்றும்போது கரகரவென்றாலும் அதே கதைதான். பேரிங்கை மாற்றலாம், விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ஸ்பிண்டிலே வளைந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அடுத்து இரண்டு பக்கமும் கூர்முனை சென்டரை மாட்டி, கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை நகர்த்தி முனையோடு முனை சேருங்கள். விலகி நின்றால் துளை போடும்போது துளை அகன்றுவிடும். பெல்ட் வெடிப்பு, உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டில் பள்ளம் இவையெல்லாம் அற்பம்; பள்ளத்தை அரத்தால் ராவிவிடலாம்.

ஸ்பிண்டில் மரை என்ன என்று எழுதி வாங்குங்கள். எம்33x3.5 (33 மி.மீ. விட்டம், 3.5 மி.மீ. மரை இடைவெளி), அல்லது 1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 8 மரை என்றால் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக் எளிதாகக் கிடைக்கும். வழக்கத்தில் இல்லாத மரை என்றால் அடாப்டர் தேட வேண்டும்.

எதை வாங்கினாலும் கையிலுள்ள பணம் முழுவதையும் லேத்தில் போட்டுவிடாதீர்கள். நான்கு தாடை சக், சாணை, முழு முகக் கவசம் மூன்றும் இல்லாமல் கிண்ண வேலை தொடங்காது. என் ஓட்டு, ஆட்டமில்லாத பழைய பெரிய லேத்துக்கே: எடை கூடினால் அதிர்வு குறையும்.

கேள்வி: கார்பைடு வில்லை உளி (முனையில் மிகக் கடினமான வெட்டு வில்லை திருகியது) வாங்கினால் சாணை வேண்டாமா?

பதில்: அந்த உளிக்கு வேண்டாம். தட்டையாகப் பிடித்து, கட்டையின் மைய உயரத்தில் வைத்தால் வெட்டும், பழகுவது எளிது. ஆனால் இழை பிய்ந்து பரப்பு சொரசொரப்பாகும், உப்புத்தாள் வேலை கூடும். மழுங்கினால் திருகைத் தளர்த்தி வில்லையைச் சற்றுத் திருப்பிப் பூட்டுங்கள். அடியில் தூள் இருந்தால் வில்லை விரிசல் விடும், துடைத்துவிட்டுப் பூட்டவும்.