இரங்கற்பா படிக்க நினைக்கும் மகளின் அம்மாவுக்கு

"செத்தவங்களைப் பத்தின பாட்டைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. நியாயமான கேள்விதான். அதற்கு முன், உங்கள் மகள் படிக்க ஆசைப்படும் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர்களின் இரங்கற்பா எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

1963 செப்டம்பர் 15. அமெரிக்காவின் பர்மிங்ஹாமில், கறுப்பின மக்களின் தேவாலயத்தில் இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. கறுப்பினக் கவிஞர் டட்லி ராண்டல் அதைக் கதைப்பாடலாக எழுதினார். உரிமை ஊர்வலத்துக்குப் போகிறேன் என்ற மகளைத் தாய் தடுக்கிறாள். அங்கே நாய்களும் துப்பாக்கிகளும் இருக்கும், தேவாலயம்தான் பத்திரம் என்று அனுப்புகிறாள். கடைசியில் இடிபாடுகளுக்குள் மகளின் காலணி ஒன்றுதான் அவள் கைக்குக் கிடைக்கிறது. அந்தத் தாயின் பயத்தை ராண்டல் ஓரிடத்திலும் குறை சொல்லவில்லை. உங்கள் பயத்தையும் நான் குறை சொல்லமாட்டேன்.

நம் இலக்கணம் இத்தகைய பாட்டைக் கையறுநிலை என்னும். ஆனால் இந்தக் கறுப்பினக் கவிஞர்களின் அழுகையோடு 'யார் செய்தது, ஏன் நடக்க விட்டார்கள்' என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. அதனால் இதைப் படிப்பவள் பழைய செய்தித்தாளையும் வழக்குப் பதிவையும் படிக்கப் பழகியாக வேண்டும். வேலைக்கான வழி அங்கேதான் இருக்கிறது.

ராண்டலையே பாருங்கள். ஃபோர்டு கார் நிறுவனத்தின் உலோக வார்ப்பு ஆலையிலும் அஞ்சல் துறையிலும் உழைத்து, அப்புறம் நூலகர் ஆனார். 1965இல் டெட்ராய்ட்டில் அவர் தொடங்கிய பதிப்பகத்தின் முதல் வெளியீடு, ஒற்றைத் தாளில் அச்சான இந்தப் பாடல். புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவரான க்வெண்டலின் ப்ரூக்ஸ் பின்னர் தன் கவிதைகளை அங்கே வெளியிட்டார். கவிஞர் எலிசபெத் அலெக்சாண்டர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். 2018இல், கலை, இலக்கியப் பணிகளுக்கு நிதி தரும் மெல்லன் அறக்கட்டளைக்குத் தலைவரானார்.

கடன் வாங்கி அமெரிக்காவில் முதுகலை படிக்க வைக்காதீர்கள். இதில் நான் கறாராக இருப்பேன். முனைவர் படிப்புக்கு அங்கே பல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை விலக்கி உதவித்தொகையும் தருகின்றன. அதற்கு முயலட்டும். பேராசிரியர் பணியிடங்கள் குறைவு என்பதால், நூலக அறிவியலோ ஆவணக் காப்பகப் பயிற்சியோ பதிப்பு வேலையோ ஒன்றைக் கூடவே கற்றுக்கொள்ளட்டும்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. ஒரு இரங்கற்பாவை எடுத்து, அந்தச் சாவைப் பற்றி அன்றைய நாளேடுகள் எழுதியதோடு ஒப்பிட்டுப் பத்துப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் படித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள்.