தவறிய மாத்திரைக்கு ஒரு காரணம் இருக்கும்: எச்.ஐ.வி. கேஸ் மேனேஜர்களின் கேள்விகள்

எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கும் நோயாளிகளின் வீட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் கேஸ் மேனேஜர்களும் களப்பணியாளர்களும் கேட்டவற்றில், அதிகம் வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டோம். யாரையும் அடையாளம் தெரியாதபடி சுருக்கியிருக்கிறோம். மருந்தை மாற்றுவதும் அளவைக் கூட்டுவதும் மருத்துவர் கையில். அவரிடம் என்ன தகவலோடு போக வேண்டும் என்பது உங்கள் கையில்.

வேலைக்குச் சேர்ந்த வாரமே எண்பது பெயர் கொண்ட பட்டியலைக் கொடுத்துவிட்டார்கள். யாரிடமிருந்து தொடங்குவது?

பட்டியல் இருக்கும் வரிசையில் போகாதீர்கள். முதலில் சிலரைத் தனியே பிரித்தெடுங்கள்: கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ள தாய்மார்கள், வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள எச்.ஐ.வி. கிருமியின் எண்ணிக்கை) 1000-க்கு மேல் வந்தவர்கள், காசநோய் மருந்தும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள், சிகிச்சை தொடங்கி ஆறு மாதம் ஆகாதவர்கள், தவணை தேதியைத் தவறவிட்டவர்கள். மற்றவர்களில் பலர் மூன்று மாத மருந்தை வாங்கிக்கொண்டு தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குத் தவணைக்கு முன் ஒரு போன் போதும். அடிக்கடி வீட்டுக்குப் போனால் அவர்களுக்குத் தொல்லைதான்.

தவறவிட்டவர்களிலும், போன வாரம் வராதவரை முதலில் பிடியுங்கள். அவருடைய நம்பர் இன்னும் வேலை செய்யும், டப்பாவில் சில மாத்திரைகள்கூட மிச்சம் இருக்கலாம். இரண்டு வருடமாக வராதவர்களை அதற்காகக் கைவிட வேண்டாம், நாளுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன் செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் நம்பர் ட்ரூகாலரில் என்ன பெயரில் வருகிறது என்று வேறொரு போனிலிருந்து பாருங்கள். யாராவது "ஏ.ஆர்.டி. சென்டர் மேடம்" என்று சேமித்து வைத்திருந்தால், நீங்கள் கூப்பிடும் ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பெயர் திரையில் வந்து நிற்கும். வாட்ஸப் முகப்புப் படத்தில் சிவப்பு ரிப்பன் வைப்பதும் அப்படித்தான்.

முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: இந்த நம்பரை வேறு யார் எடுப்பார்கள், எந்த நேரம் வசதி, உங்களை யார் என்று சொல்லிக்கொள்ளலாம், வீட்டுக்கு வரலாமா. வேறு யாராவது எடுத்தால், "அக்காகிட்ட பேசணும், அப்புறமா கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுங்கள்.

வீட்டுக்குப் போகும்போது பக்கத்து வீட்டார் விசாரித்தால் என்ன சொல்வது?

முன்கூட்டியே நோயாளியிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். குழு லோன் விஷயம், தையல் பயிற்சி, தூரத்துச் சொந்தம் என்று அவருடைய தெருவில் எது எடுபடும் என்பது அவருக்குத்தான் தெரியும். அடையாள அட்டையைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயர் ஒட்டிய வண்டியைத் தெருமுனையிலேயே விடுங்கள். முகவரி தெரியவில்லை என்று டீக்கடையில் பெயர் சொல்லிக் கேட்பதை அறவே தவிர்க்க வேண்டும். வீடு கிடைக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம், இன்னொரு நாள் போகலாம். விசாரித்துவிட்டு வந்தால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

"தவறாமல் போடுகிறேன்" என்கிறார். வைரல் லோட் 4,000-க்கு மேல் வந்திருக்கிறது. பொய் சொல்கிறாரா?

"சரியாப் போடுறீங்களா?" என்று கேட்டால் "போடுறேன்" என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, நாள் நாளாகக் கேளுங்கள். "நேத்து எத்தனை மணிக்குப் போட்டீங்க? ஞாயித்துக்கிழமை எங்க இருந்தீங்க, அன்னைக்கு டப்பா எங்க இருந்துச்சு?" ஊருக்குப் போன நாள், நைட் ஷிப்ட், சாவு வீடு, கல்யாண வீடு என்று விட்டுப்போன இடங்கள் இப்படித்தான் வெளியே வரும்.

பிறகு டப்பாவைக் கொட்டி எண்ணுங்கள். 30 மாத்திரை வாங்கியவர் 28 நாள் கழித்து வந்தால் 2 மிச்சம் இருக்க வேண்டும். 5 இருந்தால் 28-க்கு 25 போட்டிருக்கிறார், அதாவது 89 சதவீதம். நமக்குத் தேவை 95-க்கு மேல். மாதத்தில் ஒன்றை விட்டால் 96.7, இரண்டை விட்டாலே 93.3 ஆகிவிடும். மாதாமாதம் சொல்லிவைத்தாற்போல் ஒன்றுகூடப் பிசகாமல் கணக்கு வந்தால், அங்கேயும் கொஞ்சம் நின்று விசாரியுங்கள். நீங்கள் எண்ணுவீர்கள் என்று தெரிந்து வழியிலேயே கொட்டிவிட்டு வருபவர்கள் உண்டு. வீட்டில் இன்னொருவரும் இதே மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். ஒருவர் தவணையைத் தவறவிட்டால் இருவரும் ஒரே டப்பாவைப் பங்கு போட்டுக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது.

மாத்திரை ஒழுங்காக உள்ளே போயும் வேலை செய்யாமல் இருக்கலாம். எச்.ஐ.வி.க்கான டி.எல்.டி. கூட்டு மாத்திரையில் டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மி.கி. இருக்கின்றன. இதில் டொலுடெக்ராவிர், வயிற்றிலேயே மக்னீசியம், அலுமினியம், இரும்பு, கால்சியம் ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு, ரத்தத்தில் சேராமல் போய்விடும். நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில், டைஜீன் மாதிரி ஏதாவது குடிப்பவர், அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ டி.எல்.டி. போட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம், வெறும் வயிற்றில் கூடாது. "வேற மருந்து ஏதாவது?" என்று கேட்டால் இதெல்லாம் வராது, ஏனென்றால் யாரும் இவற்றை மருந்தாகவே நினைப்பதில்லை. பெட்டிக்கடையில் வாங்குவது, கிராம சுகாதார செவிலியர் கொடுத்தது, சத்து மாத்திரை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டால், டி.எல்.டி. போட்டு 12 மணி நேரம் கழித்து டொலுடெக்ராவிர் 50 மி.கி. தனியாக இன்னொரு வேளை வேண்டும். காசநோய் மருந்து முடிந்து இரண்டு வாரம் வரை இது தொடரும். காசநோய் மருந்து வேறொரு ஆஸ்பத்திரியில் தொடங்கியிருந்தால், இந்த இரண்டாவது வேளை விட்டுப்போகிறது. இரண்டு சீட்டையும் ஒரே மேசையில் வைக்க வேண்டியவர் நீங்கள்தான்.

காரணம் பிடிபட்ட பிறகு, மூன்று மாதம் தொடர்ந்து 95-க்கு மேல் வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி வைரல் லோட் எடுப்பார்கள். அப்போதும் 1000-க்குக் குறையாவிட்டால் விஷயம் மாநில நிபுணர் குழுவுக்குப் போகும். காரணத்தைச் சரிசெய்யாமல் மறுபரிசோதனைக்கு அனுப்பினால், நல்லபடி வேலை செய்யும் மருந்தை வீணாகக் கைவிட நேரலாம்.

டப்பா குலுங்கும் சத்தத்துக்குப் பயந்து காகிதத்தில் மடித்து வைக்கிறார்கள். பரவாயில்லையா?

மொத்தத்தையும் மாற்ற வேண்டாம். டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இருப்பது காரணமாகத்தான். மேலே கொஞ்சம் சுத்தமான பஞ்சை வைத்தால் சத்தம் நின்றுவிடும். வேலைக்குப் போகும் இடத்துக்கு வேண்டுமென்றால் ஒரு வாரத்துக்கானதை மட்டும் சின்ன மாத்திரைப் பெட்டியில் எடுத்துக்கொள்ளட்டும்.

குடித்த நாளில் மாத்திரை போடக்கூடாது என்று சனி, ஞாயிறு விட்டுவிடுகிறார்.

இந்த நம்பிக்கை செய்யும் சேதம், பல பேருக்கு, குடியே செய்வதைவிட அதிகம். வாரத்துக்கு இரண்டு என்றால் மாதத்துக்கு எட்டு மாத்திரை போகிறது. குடித்தாலும் மாத்திரை போடலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மாலையில் கடைக்குப் போகிறவர் என்றால் மாத்திரையைக் காலைக்கு மாற்றச் சொல்லி மருத்துவரிடம் பேசுங்கள். இந்த மாத்திரைக்குச் சாப்பாட்டுக் கணக்கு கிடையாது, எனவே நேரத்தை மாற்றுவது சுலபம். இரவில் போட்டால் தூக்கம் வரவில்லை என்பவர்களுக்கும் காலை நேரம்தான் தோது. நோன்பு இருப்பவர்கள் இஃப்தாருக்குப் பிறகு போடலாம். குடியை நிறுத்துவதும், கல்லீரல் பரிசோதனையும் தனிப் பேச்சு. அதை இதோடு முடிச்சுப் போட்டால், அடுத்த மாதம் உங்களிடம் உண்மையே சொல்ல மாட்டார்.

வைரல் லோட் "டி.என்.டி." (கிருமி தென்படவில்லை) என்று வந்தது. குணமாகிவிட்டது என்று வெளியில் ரத்தப் பரிசோதனை செய்தால் பாசிட்டிவ். எந்த ரிப்போர்ட் தப்பு?

இரண்டும் சரி. வைரல் லோட் கிருமியை எண்ணுகிறது. சாதாரணப் பரிசோதனை, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைப் பார்க்கிறது. மருந்தால் கிருமி பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்தாலும் எதிர்ப்பொருள் இருந்துகொண்டே இருக்கும். வளைகுடா வேலைக்கான மெடிக்கலுக்கு முன்னால் மாத்திரையை நிறுத்தினால் நெகட்டிவ் வரும் என்று ஏஜென்ட்கள் சிலர் கிளப்பிவிடும் கதையும் இதனால்தான் பொய். பாசிட்டிவ் அப்படியே இருக்கும், அடங்கியிருந்த கிருமி மட்டும் மறுபடி பெருகும்.

மனைவியிடம் சொல்ல மறுக்கிறார். நான் போய்ச் சொல்லிவிடலாமா?

கூடாது. 2018 செப்டம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. சம்மதம் இல்லாமல் துணையிடம் தெரிவிக்கும் அதிகாரம் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டும்தான். அவர்களுக்கும் நான்கு படிகள் உண்டு. துணைக்குத் தொற்று அபாயம் கணிசமாக இருக்கிறது என்று நம்பக் காரணம் வேண்டும். சொல்லும்படி அவருக்கு ஆலோசனை கொடுத்திருக்க வேண்டும். அவர் சொல்ல மாட்டார் என்பது உறுதியாக வேண்டும். நாங்கள் சொல்லப்போகிறோம் என்று அவருக்கே முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகும் நேரில், ஆலோசனையோடுதான் சொல்ல வேண்டும். குறிப்பாகப் பாசிட்டிவ் ஆனவர் பெண்ணாக இருந்து, சொன்னால் அடி உதையோ, வீட்டை விட்டு விரட்டலோ நடக்கும் என்ற அச்சம் இருந்தால், சொல்லக்கூடாது என்றே சட்டம் தடுக்கிறது.

உங்கள் பங்கு முதல் இரண்டு படிகளில். எதற்குப் பயப்படுகிறார் என்று பிரித்துக் கேளுங்கள். மாமனார் வீடா, குழந்தைகளா, எப்படி வந்தது என்ற கேள்வியா? "ரெண்டு பேரும் இப்பதான் முதல் தடவை டெஸ்ட் எடுக்கிற மாதிரி செஞ்சுடலாம்" என்று பலர் கேட்பார்கள். அந்த நாடகத்துக்கு உடன்படாதீர்கள். அவருடைய சிகிச்சை விவரம் எழுதும் பச்சைப் புத்தகத்தில் சிகிச்சை தொடங்கிய தேதி இருக்கிறது. ஒருநாள் மனைவி அதைப் புரட்டுவார், அன்றைக்கு அவர் கணவரோடு சேர்த்து மையத்தையும் நம்பாமல் போவார். மாறாக, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் முன்னிலையில் அவரே சொல்ல, அங்கேயே மனைவிக்கு அவர் சம்மதத்தோடு பரிசோதனை என்று ஏற்பாடு செய்யுங்கள். அந்த நாள் வரும் வரை ஆணுறையும், அவருடைய வைரல் லோட் தேதியும் உங்கள் டைரியில் இருக்கட்டும்.

ஏழாம் மாதக் கர்ப்பிணி, இப்போதுதான் தெரிந்தது. எதைக் கவனிப்பது?

மருந்து தாமதமின்றித் தொடங்க வேண்டும். 32 முதல் 36 வாரத்துக்குள் வைரல் லோட் எடுக்க வேண்டும், ஏனென்றால் குழந்தைக்கு என்ன மருந்து என்பது அதைப் பொறுத்தது. 1000-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் நெவிரபின் சிரப் ஆறு வாரம். அதற்கு மேல் என்றாலோ, ரிசல்ட் கையில் இல்லை என்றாலோ, குழந்தை அதிக அபாயப் பட்டியலில் போய், இரண்டு மருந்தாக, தாய்ப்பால் குடித்தால் 12 வாரம் வரை நீளும்.

நம் ஊரில் இது எங்கே அறுந்துபோகிறது தெரியுமா? வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகும்போது. சிகிச்சை ஒரு மாவட்டத்தில், பிரசவம் இன்னொரு மாவட்டத்தில், ஆறாவது வாரக் குழந்தைப் பரிசோதனை இரண்டிலும் இல்லை. "எந்த ஊர்ல பிரசவம்? எத்தனை மாசம் இருப்பீங்க?" என்பதை முதல் நாளே கேளுங்கள். அந்த மாவட்டத்து மையத்துக்குப் போன் போட்டு, பிரசவத்துக்கு முன்பே ஒரு பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு 6-ஆவது வாரத்தில் முதல் பரிசோதனையும் கோட்ரைமாக்சசோல் (தொற்றுத் தடுப்பு மருந்து) தொடக்கமும், பிறகு 6 மாதம், 12 மாதம், கடைசியாக 18 மாதம். தடுப்பூசித் தேதிகளோடு சேர்த்து எழுதிக் கொடுத்தால் மாமியாருக்கும் சந்தேகம் வராது.

லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் குஜராத் பக்கம். மருந்து தீர்ந்தால்?

கிளம்பும் தேதியைப் பார்த்துத் தவணையை வையுங்கள். நிலையாக இருப்பவர் என்றால் மூன்று மாத மருந்து கேட்கலாம். வழியில் தீர்ந்துபோனால், எந்த மாநில ஏ.ஆர்.டி. மையத்திலும் பச்சைப் புத்தகத்தைக் காட்டி இடைக்கால மருந்து கேட்கலாம். புத்தகத்தை வண்டியில் வைக்கப் பயந்தால், பதிவு எண் உள்ள பக்கத்தைப் போனில் படமெடுத்துப் பூட்டி வைக்கட்டும். அங்கேயே தங்கிவிட்டார் என்றால் முறைப்படி மாற்றுச் சீட்டு வாங்கிக் கொடுங்கள். சீட்டு கொடுத்ததோடு வேலை முடியவில்லை, அந்த மையத்தில் அவர் போய்ப் பதிந்தார் என்று தெரியும் வரை அவர் உங்கள் கணக்கில்தான் இருக்கிறார்.

பதினொரு வயதுப் பையன், "எனக்கு மட்டும் ஏன் மாத்திரை?" என்கிறான். பாட்டி "சத்து மாத்திரை" என்று சொல்லிவைத்திருக்கிறார்.

அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அதனால்தான் கேட்கிறான். ஆறேழு வயதில் "உடம்புக்குள்ள ஒரு கிருமி இருக்கு, இந்த மாத்திரை அதைத் தூங்க வைக்குது" என்பது போதும். பத்து, பன்னிரண்டு வயதில் பெயரும் தெரிந்தாக வேண்டும். சொல்ல வேண்டியவர் பாட்டிதான். முதலில் பாட்டியைத் தயார் செய்யுங்கள். பெற்றோர் எப்படி இறந்தார்கள் என்ற கேள்வி வந்தால் என்ன சொல்வார் என்று உங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். பரீட்சை நேரத்தில் வேண்டாம். சொன்ன பிறகு, யாரிடம் பேசலாம், யாரிடம் கூடாது என்பதையும் பையனோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அடுத்த இரண்டு மாதம் மாத்திரை எண்ணிக்கையைக் கூடுதலாகக் கவனியுங்கள். கோபத்தில் நிறுத்திவிடும் பிள்ளைகள் உண்டு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், "எச்.ஐ.வி. கிட் இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

எடுத்த எடுப்பில் சட்டம் பேசாதீர்கள். ஏ.ஆர்.டி. மருத்துவரை அந்த அறுவை மருத்துவரோடு போனில் பேச வையுங்கள். வைரல் லோட் அடங்கியிருந்தால் அந்த ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். பாதுகாப்பு முறைகள் எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான், தனிப் பாதுகாப்பு உடை கிட் என்று எதுவும் தேவையில்லை என்பதை அவர் சொன்னால் எடுபடும். வார்டில் நர்ஸ் மேசை முன்னால் இந்த விவாதம் நடக்கக் கூடாது. பக்கத்துக் கட்டிலுக்கெல்லாம் கேட்கும்.

அதற்கும் மசியவில்லை என்றால் மறுப்பதற்கான காரணத்தை எழுதிக் கேளுங்கள். பாதிப் பேர் இந்த இடத்திலேயே இறங்கி வருவார்கள். எச்.ஐ.வி. சட்டப்படி, இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனையில் புகார் அலுவலர் இருக்க வேண்டும். அடுத்தது மாநிலக் குறைதீர்ப்பாளர். அவர் 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும், அவசர சிகிச்சை என்றால் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள். தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்பதை அன்றைக்கே எழுதிவையுங்கள். இதில் எந்தப் படிக்கும் முன்னால் நோயாளியின் சம்மதம் வேண்டும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று அவர் சொன்னால், அது அவர் முடிவு.

போக்குவரத்துச் செலவுக்கும் ரேஷனுக்கும் என்ன வழி?

ஏ.ஆர்.டி. சிகிச்சைக்குப் போய்வர ரயிலில் இரண்டாம் வகுப்பில் 50 சதவீதச் சலுகை உண்டு. மையத்தில் படிவம் வாங்க வேண்டும். அந்தப் படிவத்தைக் கவுண்டரில் நீட்ட வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொந்த ஊர் ஸ்டேஷனில் வேண்டாம் என்பவர்கள் பக்கத்து ஊர் கவுண்டருக்குப் போவார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 35 கிலோ அரிசி தரும் அந்தியோதயா அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கையில் வரும் அட்டையில் நோயைப் பற்றி ஒன்றும் இருக்காது. ஆனால் விண்ணப்பத்தோடு சிகிச்சைச் சான்றை இணைக்கச் சொன்னால், உறையில் ஒட்டி, நேரடியாக வட்ட வழங்கல் அலுவலரிடமே கொடுங்கள். தபால் பிரிவில் விட்டுவிட்டு வர வேண்டாம்.