ஏழெட்டு வகை என்று எண்ணிய வாசகருக்கு

கேள்வி: எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஏழெட்டு வகை ஆபாசப் புத்தகங்கள் விற்கிறார்கள். பள்ளிப் பையன்கள் வந்துபோகிற இடம். பார்க்கவே கூசுகிறது. படிப்பில் முன்னால் நிற்கும் குமரி மாவட்டத்துக்கு இது அவமானம் இல்லையா? அடியோடு தடை செய்ய அரசு ஏன் ஒரு சட்டம் கொண்டுவரக் கூடாது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை

பதில்: சட்டம் இருக்கிறது சார். நீங்கள் வேலைக்குச் சேர்வதற்கு முன்னாலிருந்தே இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 292 என்று இருந்த பிரிவு, 2024 ஜூலையிலிருந்து, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 294. ஆபாசப் புத்தகம் விற்றால் முதல் தடவை 2 வருடம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மாட்டினால் 5 வருடம், 10,000 ரூபாய் வரை. 18 வயது ஆகாத பையனிடம் விற்றால் 295-ஆம் பிரிவு. முதல் தடவையே 3 வருடம் வரை போகலாம். வாரண்ட் இல்லாமலே போலீஸ் பிடிக்கலாம். இதற்கு மேல் எந்தச் சட்டத்தைக் கேட்கிறீர்கள்?

இல்லாதது புகார் கொடுக்கிற ஆள். இந்த ஆபாசப் புத்தகத்தைக் கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம் ‘கொச்சுப் புஸ்தகம்’ என்பார்கள். அது கடைக்கு முன்னால் கிளிப் போட்டுத் தொங்குவதில்லை. கடைக்காரர் பலகைக்கு அடியில் கையை விட்டு எடுத்து, பழைய பேப்பரில் சுருட்டித் தருவார். வாங்குகிறவர் மீதிச் சில்லறையை எண்ணாமல் பைக்குள் போடுவார். முருங்கைக்காய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற நம் ஊரில் பேரமே இல்லாமல் விலைபோகிற சரக்கு அது ஒன்றுதான். அந்த மனிதரும் சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து “காலம் கெட்டுப்போச்சு, எல்லாத்தையும் தடை பண்ணணும்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தடையை அவர் நினைப்பது அடுத்தவன் கையில் இருக்கிற புத்தகத்துக்கு.

சரி, எதைத் தடை செய்வது என்று அதே டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். ஒருவர் சினிமா போஸ்டர் என்பார், ஒருவர் காதல் கதை என்பார். எங்கள் பத்திரிகையின் அட்டைப்படம் என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். (அந்தக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.) கோயில் தேர்களின் அடித்தட்டுச் சிற்பங்களைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு இன்னொரு சந்தேகமும் வரும். அதனால்தான் சட்டமே கோயில் சிற்பத்துக்கும் சாமி தேருக்கும் விலக்கு எழுதி வைத்திருக்கிறது. இல்லையென்றால் மார்கழியில் சுசீந்திரத்தில் வடம் பிடிக்கிறவர்கள் எல்லோரும் யோசிக்க வேண்டியிருக்கும்.

‘அடியோடு’ என்கிற சொல்தான் எனக்குப் பயம். 1964-இல் ஒரு பம்பாய் புத்தகக் கடைக்காரர், வெளிநாட்டு நாவல் ஒன்றை விற்றதற்காக உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்குத் தெரியும் என அரசுத் தரப்பு நிரூபிக்கத் தேவையில்லை என்றது தீர்ப்பு. எழுதியவரோ, வாங்கியவரோ அல்ல, நடுவில் நின்ற கடைக்காரர்தான் மாட்டினார். எது ஆபாசம் என்று அளக்க அங்கே எடுத்த கோல் 1868-இல் இங்கிலாந்து நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் செய்தது. அதைக் கீழே போட்டு, இன்றைய சமூகத்தின் கண்ணால் முழுசாகப் பார்க்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது 2014-இல்தான்.

ஆகவே என் ஓட்டு தடைக்கு இல்லை. பையனுக்கு விற்காதே, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணில் படும்படி வைக்காதே – இந்த இரண்டையும் கறாராகப் பார்த்தால் போதும். அந்தப் பையன்களும் இப்போது அந்தக் கடைக்குச் சர்பத் குடிக்கத்தான் வருகிறார்கள். மற்றது செல்போனில் சும்மா கிடைக்கிறது. அதைப் பரப்புகிறவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு முதல் தடவையே 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடுகிறது. அந்தப் பக்கம் ஏன் யாரும் கூசுவதில்லை?

பையனுக்கு விற்றதை நீங்கள் கண்ணால் பார்த்திருந்தால் தக்கலை ஸ்டேஷனுக்கு நடந்து போய் எழுதிக் கொடுங்கள். எந்தக் கடை, எந்த நேரம், என்ன புத்தகம் என்று கேட்பார்கள். முதல் இரண்டுக்கும் பதில் சுலபம். மூன்றாவதில்தான் சிக்கல். ஏழெட்டு வகை என்று எண்ணிச் சொல்லியிருக்கிறீர்களே, தலைப்புகளும் ஞாபகம் இருக்கும்தானே?