பிஸ்டன் ரைஃபிள்: கரி எங்கேயும் போய்விடாது

கே: ஏ.ஆர்-15 ரைஃபிள் வாங்க லைசென்ஸ் எல்லாம் தயார். கேஸ் குழாய் வைத்ததை வாங்குவதா, பிஸ்டன் வைத்ததையா? கடைக்காரர் பிஸ்டன்தான் என்று சத்தியமே பண்ணுகிறார்.

ப: விலை கூடினதைத்தான் எந்தக் கடைக்காரரும் சத்தியம் பண்ணி விற்பார். வாரக்கடைசியில் காகித இலக்கைச் சுடத்தானே? குழாயே போதும்.

கே: இரண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

ப: யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த குழாய் முறையில், தோட்டா வெடிக்கும்போது வரும் சூடான கேஸ் பாரலிலிருந்து மெல்லிய குழாய் வழியே போல்ட் கேரியருக்குள்ளேயே (அறையை மூடும் போல்ட்டைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடும் பாகம்) வந்து அதைப் பின்னால் தள்ளுகிறது. கரியும் சூடும் கூடவே வரும். பிஸ்டன் முறையில் கேஸ் முன்பக்கமே வெளியேறிவிடும். ஒரு தண்டுதான் கேரியரைத் தள்ளும். அதனால் போல்ட் சுத்தமாக இருக்கும், அவ்வளவாகச் சூடாகாது. இது நிஜமான லாபம். ஆனால் கரி மாயமாகிவிடாது. பிஸ்டன் தலையிலும், பாரலிலிருந்து கேஸை எடுக்கும் கேஸ் பிளாக்கிலும் உட்கார்ந்திருக்கும். வீட்டைப் பெருக்கிக் குப்பையை வாசலில் தள்ளிய கதை. முன்பக்கம் எடையும் கூடும். ஒரு மணி நேரம் நின்றபடி சுட்டுப் பாருங்கள், இடது கை சொல்லும்.

கே: கேஸ் குழாய் துப்பாக்கி வியட்நாமில் சிப்பாய்களின் காலை வாரியதே, அதை எப்படி நம்புவது?

ப: இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஏ.ஆர்-15-ன் ராணுவ வடிவமான எம்16 சுடும்போது சிக்கி நின்றது உண்மை. ஆட்கள் செத்ததும் உண்மை. ஆனால் 1967-ல் அமெரிக்க காங்கிரஸ் குழு விசாரித்தபோது வெளிவந்தது என்ன? சோதனைக் காலத்தில் பயன்படுத்திய வெடிமருந்தை மாற்றி வேறு வெடிமருந்து அடைத்த தோட்டாக்களை அனுப்பியிருந்தார்கள். தோட்டா உட்காரும் அறைக்கு குரோம் பூச்சு இல்லை. துடைக்கும் சாமான்கூடப் பலருக்குப் போய்ச் சேரவில்லை. பிறகு அறைக்குக் குரோம் பூசினார்கள், சாமான் கொடுத்தார்கள், துடைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். குழாய் அதே குழாய்தான், சிக்கல் வெகுவாகக் குறைந்தது. பிஸ்டனும் ஒன்றும் நேற்று வந்த புதுமை இல்லை. 1936-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்1 காரண்ட் ரைஃபிளிலேயே இருக்கிறது.

கே: என் பழைய ஏ.ஆரில் குழாயை எடுத்துவிட்டுப் பிஸ்டன் கிட் மாட்டலாமா?

ப: நான் மாட்டினேன். தண்டு கேரியரின் மேல்பக்கத்தில் இடிப்பதால், அது நேராகப் பின்வாங்காமல் வாலைக் கீழே சாய்த்துக்கொண்டு போகும். சில நூறு தோட்டா கழித்துத் திறந்தால், கேரியர் பின்வாங்கி நுழையும் பஃபர் குழாயின் கீழ் விளிம்பில் பிறை மாதிரி பளபளவென்று ஒரு தேய்மானம். விரலை வைத்தேன், அலுமினியத் தூள் ஒட்டியது. கிட்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது, வேண்டுமா? பிஸ்டன்தான் வேண்டும் என்றால், முதலிலிருந்தே அதற்கென்று செய்த ரைஃபிளை வாங்குங்கள்.

கே: "எல்லா ஏ.ஆர் பாகமும் பொருந்தும்" என்று சொல்லிப் பழைய பிஸ்டன் ரைஃபிளை விற்றார். தண்டு வளைந்துவிட்டது. கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டதாம்.

ப: உங்கள் மேல் தப்பில்லை ஐயா. மேகசினும் டிரிகரும் பெரும்பாலும் பொருந்தும். பிஸ்டன், தண்டு, கேரியர் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பொது அளவு என்று ஒன்று கிடையாது. அவர் அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் காகிதத்தோடு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், விடாதீர்கள். கிடைக்காவிட்டால், பாரல் இடம் கொடுக்குமானால் சாதாரண கேஸ் பிளாக், குழாய், கேரியர் மாட்டித் தரமுடியுமா என்று தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கே: சத்தம் குறைக்கும் சப்ரஸர் மாட்டினால் முகத்தில் கேஸ் அடிக்கிறது.

ப: பிஸ்டனுக்குக் காசு கொடுக்கலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம் இது. கேஸ் அளவைக் குறைக்கும் திருகு உள்ளதாகப் பாருங்கள். பாரல் வழியே கொஞ்சம் வரத்தான் செய்யும்.

கே: உப்புப் படியும் பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைத்தது. பிஸ்டன் இருப்பதால் கழுவ வேண்டாம்தானே?

ப: கழுவ வேண்டும், பிஸ்டனையும் சேர்த்து. தண்ணீரில். உப்பு எண்ணெயில் கரையாது.

கே: வாங்கி ஒரு வருஷம் ஆகிறது, ஒரு தடவைகூடக் கழற்றவில்லை. இப்போது பிஸ்டன் அசையவே மாட்டேன் என்கிறது. கேரண்டியில் மாற்றித் தருவார்களா?

ப: மேனுவலின் பிளாஸ்டிக் உறையையாவது பிரித்தீர்களா?